எடையில்லாத பொருளுக்கு எந்த வழி? வெளிநாட்டுக்குக் கார்டு அனுப்பும் முறைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

இணைய ஏலத்தில் விலைபோகும் ஒரு டிரேடிங் கார்டின் (விளையாடவும் சேகரிக்கவும் வாங்கப்படும் அச்சிட்ட அட்டை) எடை பெரும்பாலும் 2 கிராமைத் தொடுவதில்லை. போக்கிமான், மேஜிக் கார்டுகள் 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் உயரமும் கொண்டவை. விளையாட்டு வீரர்களின் படமுள்ள கார்டுகளும் ஏறத்தாழ அதே அளவுதான். யூ-கி-ஓ கார்டு இன்னும் சற்றுச் சிறியது. இத்தனை சிறிய பொருளை எல்லை தாண்டி அனுப்புவதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது என்றுதான் முதலில் தோன்றும். சிரமம் இருப்பது எடையில்தான். அஞ்சல் துறையானாலும் கூரியர் நிறுவனமானாலும் கட்டணத்தை எடையை வைத்து வாங்குகின்றன. பொருள் தொலைந்தால் தரும் இழப்பீட்டையும் பல இடங்களில் எடையை வைத்தே கணக்கிடுகின்றன. கார்டின் மதிப்போ அதன் எடையோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. எனவே எந்த வழி மலிவு என்று கேட்பதற்கு முன்பே, வழியில் தொலைந்தால் இழப்பு யார் தலையில் விழும், பொருள் போய்ச் சேர்ந்தது என்பதை எதைக் காட்டி நிறுவ முடியும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விற்பவர் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாதாரண உறை, பதிவு அஞ்சல், டிராக்கிங் உள்ள சிறு பொட்டலம், இஎம்எஸ் என்ற அஞ்சல் விரைவுச் சேவை, தனியார் கூரியர், ஏலத் தளமே நடத்தும் மையக் கிடங்கு ஆகிய வழிகளை அந்த இரு கேள்விகளைக் கொண்டே இங்கே எடைபோடுகிறேன்.

சாதாரண உறை

மலிவு என்ற ஒன்றைத் தவிர இதற்குச் சொல்ல வேறு சிறப்பில்லை. ஸ்லீவ் எனும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்ட கார்டை, டாப்லோடர் எனும் வளையாத பிளாஸ்டிக் கூட்டில் நுழைத்து, கடித உறையில் வைத்துத் தபால்தலை ஒட்டி அனுப்பும் பழக்கம் உள்நாட்டு விற்பனையிலிருந்து வந்தது. உள்நாட்டில் அது ஓரளவு ஓடும். எல்லை தாண்டும்போது நிலைமை வேறு. நாடுகளுக்கிடையிலான அஞ்சல் விதிகளை வகுக்கும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகள் ஆவணத்தையும் சரக்கையும் தனித்தனியாகப் பார்க்கின்றன. விற்கப்பட்ட கார்டு, எவ்வளவு மெல்லிய உறைக்குள் இருந்தாலும், சரக்குதான். சரக்கு என்றால் சுங்கப் படிவம் வேண்டும்; 2021 ஜனவரி முதல் அந்தப் படிவத்தின் விவரங்கள் பொருள் புறப்படும் முன்பே மின்னணு வழியில் சேரவேண்டிய நாட்டுக்குப் போயிருக்கவும் வேண்டும். படிவம் இல்லாத உறையைத் திருப்பி அனுப்பவோ தடுத்து வைக்கவோ அந்த நாட்டுக்கு முழு உரிமை உண்டு. அப்படித் தடுக்கப்பட்ட உறை எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வதற்கு அதில் ஓர் எண்கூட இருக்காது.

இயந்திரச் சிக்கலும் இருக்கிறது. கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரம் உறைகளைப் பட்டைகளுக்கும் உருளைகளுக்கும் இடையே வேகமாக வளைத்து இழுக்கிறது. ஒன்றியத்தின் அளவுப்படி சிறிய கடிதத்தின் தடிமன் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டாப்லோடர் அந்த வரம்புக்குள் அடங்கினாலும், வளையாத அதன் விளிம்பு உருளையில் முட்டும் இடத்தில் காகிதம் கிழிகிறது. கிழிந்த ஓட்டை வழியாக டாப்லோடர் நழுவி விழுந்துவிட, வெற்று உறை மட்டும் வாங்கியவர் கையில் சேருவது இந்த வணிகத்தில் உள்ளவர்கள் நன்கு அறிந்த புகார். இபே போன்ற தளங்களில் பொருள் வரவில்லை என்று வாங்குபவர் சொன்னால், சேர்ந்ததற்கான டிராக்கிங் பதிவைக் காட்டாத விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாகிறது. ஆகவே வெளிநாட்டு விற்பனைக்கு இந்த வழியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

எண்ணின் முதல் எழுத்து

அடுத்த வழிகளுக்குப் போவதற்கு முன் ஒரு சிறிய விவரத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மிகுதியான ஏமாற்றம் இங்கேதான் நேர்கிறது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 தரப்படி, சர்வதேச அஞ்சல் பொருளின் எண்ணில் 13 குறிகள் இருக்கும்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு எட்டு இலக்கங்கள், அவற்றைச் சரிபார்க்கும் ஓர் இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். சேவையின் வகையைச் சொல்வது முதல் எழுத்து. ‘ஆர்’ என்றால் பதிவு அஞ்சல், ‘எல்’ என்றால் டிராக்கிங் உள்ள சிறு பொட்டலம், ‘இ’ என்றால் இஎம்எஸ், ‘வி’ என்றால் காப்பீடு செய்யப்பட்டது, ‘சி’ என்றால் பார்சல். ‘யூ’ என்று தொடங்கும் எண்ணும் உண்டு. அது சுங்கப் படிவத்தில் பார்கோடு இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இடப்படுவது. அந்த எண்ணுக்கு, சேரும் நாட்டின் அஞ்சல் துறை ஒரு ஸ்கேனும் செய்யக் கடமைப்பட்டதல்ல. பார்கோடும் 13 குறிகளும் இருப்பதைப் பார்த்து இதுவும் டிராக்கிங்தான் என்று நம்பி, அந்த எண்ணை ஏலத் தளத்தில் பதிவேற்றிவிடும் விற்பனையாளர்கள் பலர். நாட்டை விட்டுப் புறப்பட்டது என்ற வரியோடு பதிவு நின்றுவிட, வாங்குபவர் முறையிட்டால் அவர்களிடம் காட்ட எதுவுமில்லாமல் போகிறது. அஞ்சலகத்தில் ரசீதை வாங்கியவுடன் முதல் எழுத்தைப் படித்துவிடுவது இந்தச் சிக்கலை முளையிலேயே கிள்ளிவிடும்.

பதிவு அஞ்சலா, டிராக்கிங் பொட்டலமா

நடுத்தர மதிப்புள்ள கார்டுகளுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். கூரியர் வைத்தால் கட்டணம் கார்டின் விலையைத் தின்றுவிடும். எண்ணில்லாமல் அனுப்பினால் தூக்கம் போய்விடும். இந்த இடைவெளியில்தான் ஏல விற்பனையின் பெரும்பகுதி நடக்கிறது.

பதிவு அஞ்சலின் பலம் அதன் கைமாற்று ஒழுங்கு. பொருள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகும்போது தனியாகக் கணக்கெடுக்கப்படுகிறது. சேருமிடத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது. எடை எதுவானாலும், பொருள் தொலைந்தால் ஒன்றியத்தின் விதிமுறையில் 30 எஸ்டிஆர் என்ற இழப்பீட்டு வரம்பு உண்டு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு. பதிவு அஞ்சலின் பலவீனம், அந்தக் கைமாற்றுக் கணக்கெடுப்பு உள்ளுக்குள் நடப்பதே அன்றி வெளியே தெரிவதில்லை என்பது. இறங்கிய நாட்டில் பொருள் எங்கே இருக்கிறது என்பது பல வாரங்கள் இணையத்தில் தெரியாமலே இருக்கலாம். கையெழுத்திட ஆளில்லாவிட்டால் அது அஞ்சலகத்தில் காத்திருந்து, தவணை முடிந்ததும் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். திரும்பி வந்த கார்டால் விற்பவருக்குக் கூலியும் நஷ்டம், விற்பனையும் நஷ்டம்.

டிராக்கிங் பொட்டலம் இதற்கு நேர்மாறானது. கையெழுத்து பெரும்பாலும் இராது. இழப்பீடு சில நாடுகளில் சொற்பம், சில நாடுகளில் இல்லவே இல்லை. ஆனால் ஏற்றுக்கொண்டது, ஏற்றுமதி அலுவலகத்தை விட்டது, இறக்குமதி அலுவலகத்தை அடைந்தது, ஒப்படைக்கப்பட்டது என்று ஒவ்வொரு படியும் வாங்குபவர் பார்க்கும்படி பதிவாகிறது. ஏலத் தளத்தின் நடுவர் கேட்பது இந்தக் கடைசிப் பதிவைத்தான். இபேயில் 750 டாலருக்குக் கீழான விற்பனைக்கு ஒப்படைக்கப்பட்டது என்ற ஸ்கேன் போதும். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால்தான் கையெழுத்துச் சான்றும் வேண்டும். ஆகவே 750 டாலருக்கு வெகு கீழே இருக்கும் கார்டுக்குக் கையெழுத்து தரும் கூடுதல் பாதுகாப்பு சிறிது, அதற்காக ஏற்கும் தாமதம் பெரிது. என் தீர்ப்பு டிராக்கிங் பொட்டலத்துக்கே. ஒரே ஒரு நிபந்தனை: சேரும் நாட்டு அஞ்சல் துறையும் அந்தச் சேவையில் சேர்ந்திருக்க வேண்டும். எந்தெந்த நாட்டுக்கு முழு டிராக்கிங் உண்டு என்ற பட்டியலை அனுப்பும் நாட்டின் அஞ்சல் துறை வெளியிட்டிருக்கும். ஏலப் பட்டியலில் ‘உலகெங்கும் அனுப்பப்படும்’ என்று எழுதுவதற்கு முன், அந்தப் பட்டியலில் இல்லாத நாடுகளை விலக்கிவிடுவதே முறை. அந்த நாடுகளுக்கு விற்றே தீர வேண்டும் என்றால் பதிவு அஞ்சலை வைத்துக்கொள்ளலாம். அங்கு அதன் கையெழுத்துத்தான் கிடைக்கக்கூடிய ஒரே சான்று.

மதிப்பு ஏறும்போது ‘வி’ எண்ணுள்ள காப்பீட்டு அஞ்சல் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அறிவித்த மதிப்புக்கு ஏற்ற இழப்பீடு தருவது அஞ்சல் வழிகளில் இதன் தனிச்சிறப்பு. எல்லா நாடுகளும் இதை ஏற்பதில்லை என்பதால் பலர் இதை மறந்தே விட்டார்கள். கிடைக்கிற இடத்தில் இது அருமையான வழி.

இஎம்எஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சல் துறைகளே நடத்தும் விரைவுச் சேவை அது. பதிவு அஞ்சலின் கையெழுத்தும் டிராக்கிங் பொட்டலத்தின் வெளிப்படையும் ஒருங்கே கிடைக்கும். கட்டணம் கூரியரை நெருங்கிவிடும். கூரியர் எட்டாத ஊர்களுக்கும் அஞ்சல் பெட்டி முகவரிகளுக்கும் இதுவே சிறந்தது.

கூரியரின் பலமும் மறைவான ஓட்டையும்

டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற நிறுவனங்களின் பெரும்பலம், வாங்கும் கையிலிருந்து கொடுக்கும் கை வரை பொறுப்பு ஒரே நிறுவனத்திடம் இருப்பது. அஞ்சலில் பொருள் இரண்டு நாட்டுத் துறைகளுக்கிடையே கைமாறும் இடத்தில்தான் பெரும்பாலும் காணாமல் போகிறது. கூரியரில் அந்த இடைவெளி இல்லை. சுங்க வேலையையும் அவர்களே பார்க்கிறார்கள். பல நாடுகளுக்குச் சில நாட்களில் சேர்ந்துவிடுகிறது. கட்டணப் படிகள் அரைக் கிலோவில் தொடங்குவதால், சில கிராம் கார்டுக்கும் அரைக் கிலோவின் கூலியைத்தான் கட்ட வேண்டும். பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வரும் கன எடை, உண்மை எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம் என்பதால் பெரிய பெட்டியைத் தவிர்ப்பதும் முக்கியம்.

ஓட்டை இழப்பீட்டில் இருக்கிறது. கூரியரில் கொடுத்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் சேவை நிபந்தனைகளைப் படிப்பதில்லை. சர்வதேச விமானச் சரக்குக்கான 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை, மதிப்பைத் தனியாக அறிவிக்காத சரக்குக்குப் பொறுப்பின் உச்சவரம்பைக் கிலோவுக்கு இத்தனை எஸ்டிஆர் என்று எடையில்தான் வைத்திருக்கிறது; 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்டிஆர். நூறு கிராம் எடையுள்ள ஒரு சிறு பெட்டிக்கு இந்தக் கணக்கில் வருவது 2.6 எஸ்டிஆர். பல மடங்கு கட்டணம் வாங்கும் கூரியரின் அடிப்படைப் பொறுப்பு பதிவு அஞ்சலின் 30 எஸ்டிஆரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் போகலாம் என்பதை ஒவ்வொரு விற்பனையாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தலாமே என்றால், விளையாட்டுக் கார்டுகளையும் சேகரிப்புப் பொருட்களையும் தனி வகையாகப் பிரித்து, அவற்றுக்கு அறிவிக்கக்கூடிய மதிப்புக்கே தாழ்ந்த உச்சவரம்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. எனவே விலை உயர்ந்த கார்டுக்குக் கூரியரைத் தேர்பவர், சேகரிப்புப் பொருட்களை ஏற்கும் தனிக் காப்பீட்டை வெளியே வாங்கியாக வேண்டும். அந்தக் காப்பீடு இல்லாத கூரியர் வேகத்தை மட்டுமே தருகிறது.

வரி வசூலில் வரும் சங்கடமும் கூரியரில்தான் மிகுதி. வரியை வாங்குபவரே கட்டும்படி அனுப்பினால், நிறுவனம் சுங்கத்தில் அதை முன்பணமாகக் கட்டிவிட்டு, வீட்டு வாசலில் வரியோடு தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும். எதிர்பாராத தொகையைப் பார்த்து வாங்குபவர் மறுத்துவிட்டால், திரும்பி வரும் கூலியும் சில வேளைகளில் அந்த வரியும்கூட அனுப்பியவர் கணக்கில் ஏறும். வரி உட்பட எல்லாவற்றையும் அனுப்பியவரே ஏற்கும் டிடிபி முறையில் அனுப்பி, அந்தத் தொகையை அனுப்புக் கட்டணத்தில் முன்கூட்டியே சேர்த்துச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

மையக் கிடங்கு என்ற வழி

இபே 2022இல் அமெரிக்க விற்பனையாளர்களுக்குக் கொண்டுவந்த சர்வதேச அனுப்புத் திட்டம் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. விற்பவர் தன் நாட்டிலேயே இருக்கும் கிடங்குக்கு உள்நாட்டு டிராக்கிங்கோடு அனுப்பிவிட வேண்டியதுதான். சுங்கம், வரி, அப்பால் போகும் பயணம் எல்லாம் திட்டத்தின் பொறுப்பு. கிடங்கைத் தாண்டிய பின் பொருள் தொலைந்தாலோ உடைந்தாலோ விற்பவர் பணம் திருப்ப வேண்டியதில்லை. முதலில் கேட்ட இரு கேள்விகளுக்கும் இத்தனை தெளிவான விடை வேறெந்த வழியிலும் இல்லை.

இதற்கான விலையை வாங்குபவர் தருகிறார். ஏலம் கேட்கும்போதே வரியும் கட்டணமும் சேர்ந்த தொகை திரையில் தெரிவதால் மலிவான கார்டுகளுக்குக் கேட்பு குறைகிறது. கிடங்கில் பெட்டி பிரிக்கப்பட்டு மறுபடியும் கட்டப்படலாம் என்பதும் கார்டு விற்பவர்களுக்கு உண்மையான கவலை. உள்ளே இருக்கும் கட்டு, வெளிப்பெட்டி இல்லாமலே தாங்கும்படி இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு இப்போதுதான் விற்கத் தொடங்குகிறவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். நிறைய விற்பவர்கள், நடுத்தர மதிப்புக்கு டிராக்கிங் பொட்டலத்தையும் விலையுயர்ந்தவற்றுக்கு மையக் கிடங்கையும் பிரித்து வைத்துக்கொண்டால் கேட்பும் குறையாது, தலைவலியும் குறையும்.

வரி விதிகள் ஒப்பீட்டை மாற்றும் விதம்

சில ஆண்டுகளில் இந்த வழிகளின் வரிசையையே மாற்றியது வரிதான். ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான இறக்குமதிக்கும் வரி கொண்டுவந்து, அதை வசூலிக்கும் பொறுப்பைப் பெரிய தளங்களிடம் விட்டது. நியூசிலாந்து 2019 டிசம்பரில் அதே வழியில் சென்றது. பிரிட்டன் 2021 ஜனவரியில் 135 பவுண்டு வரையிலானவற்றுக்கும், ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூலையில் 150 யூரோ வரையிலானவற்றுக்கும் இதேபோன்ற ஏற்பாட்டைச் செய்தன. ஐரோப்பாவில் 22 யூரோ வரை இருந்த விலக்கும் அன்றோடு போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும்போது, தளம் வரியை வாங்கிவிட்டது என்பதைச் சுங்கத்துக்குச் சொல்வது ஐஓஎஸ்எஸ் எண். அந்த எண்ணை உறையின் மேல் பேனாவால் எழுதினால் பயனில்லை. அஞ்சல் துறையின் மின்னணுப் படிவத்தில் அதற்கென்ற கட்டத்தில் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால், தளத்தில் ஒருமுறை வரி கட்டிய வாங்குபவரிடம் வாசலில் மறுபடியும் வரி கேட்பார்கள்.

அமெரிக்கா 800 டாலர் வரையிலான இறக்குமதிக்கு அளித்து வந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியபோது, வரியை முன்கூட்டி வசூலிக்க வழி இல்லாத பல நாட்டு அஞ்சல் துறைகள் அங்கே சரக்கு அனுப்புவதையே தற்காலிகமாக நிறுத்தின. அதுவரை மலிவாகவும் சீராகவும் இருந்த அஞ்சல் வழி ஒரே வாரத்தில் அடைபட, கூரியர்தான் மிஞ்சியது. ஒரே வழியை நம்பி ஏலப் பட்டியல் போடுகிறவர்கள் இதை மனதில் வைத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் மாற்று வழி ஒன்றைக் குறித்து வைத்திருப்பது நல்லது.

சுங்கப் படிவத்தை நிரப்புவதில் நேர்மை தவறக்கூடாது. 300 எஸ்டிஆர் மதிப்பு வரை சிஎன்22 என்ற படிவம், அதற்கு மேல் சிஎன்23 என்ற படிவம். ‘பரிசு’ என்று எழுதுங்கள், மதிப்பைக் குறைத்துப் போடுங்கள் என்று கேட்கும் வாங்குபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அது பொய் அறிவிப்பு; மேலும் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு படிவத்தில் எழுதிய தொகையைத் தாண்டாது. ‘சேகரிப்பு டிரேடிங் கார்டு, 1, விற்பனைப் பொருள்’ என்று தெளிவாக எழுத வேண்டும். விளையாடப் பயன்படும் கார்டுகளுக்கு 9504.40 என்ற சுங்கக் குறியீடும், வீரர்களின் படக் கார்டுகளுக்கு 4911.91 என்பதும் வழக்கில் உள்ளவை.

கட்டும் முறை

எந்த வழியானாலும் கட்டு ஒன்றே. கார்டை மென் ஸ்லீவில் இட்டு டாப்லோடரில் நுழைத்தபின், மேல்வாயை, வண்ணம் பூசுபவர்கள் பயன்படுத்தும் எளிதில் உரியும் டேப்பால் ஒட்டி, டேப்பின் ஒரு முனையை உள்பக்கமாக மடித்துவிட வேண்டும். அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தால் டேப் பசையின்றிக் கழன்றுவரும். மடிப்பு இல்லாவிட்டால் வாங்கியவர் கத்தியைத் தேடுவார், கத்தி கார்டில் படும். பிறகு ஈரம் புகாத பையில் அடைத்து, டாப்லோடரைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்ட வேண்டும். அடி விழுந்தால் அட்டையின் மூலைதான் நசுங்கும். பிஎஸ்ஏ, பிஜிஎஸ், சிஜிசி போன்ற தரமிடும் நிறுவனங்கள் சான்றளித்து, கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் கார்டுகளான ஸ்லாபுகளுக்குக் குமிழ் உறை போதாது; மூலை மோதினால் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் ஓடும், பெட்டிதான் வேண்டும். ஸ்லாபின் சான்று எண் தெரியும்படி முன்பின் படங்களும், கட்டி முடித்த பெட்டியின் படமும் எடுத்து வைத்திருந்தால், வேறு கார்டு வந்தது என்று யாராவது சொல்லும்போது பேச வாய் இருக்கும்.

வாங்குபவர் தன் நாட்டு முகவரிக்குப் பதிலாக, விற்பவரின் நாட்டிலேயே உள்ள மறு-அனுப்பு நிறுவனத்தின் முகவரியைத் தருவதும் உண்டு. விற்பவருக்கு இது நன்மையே: உள்நாட்டு டிராக்கிங்கில் அந்த முகவரிக்குச் சேர்ந்தால் இபேயில் அவர் பொறுப்பு முடிந்தது, அப்பால் நடப்பதற்கு வாங்குபவரின் பணத்திருப்பு உத்தரவாதம் நீள்வதில்லை. முகவரியில் வரும் அறை எண்ணைப் போன்ற வாடிக்கையாளர் எண்ணை மட்டும் ஓர் எழுத்தும் விடாமல் எழுத வேண்டும். ஆனால் பணம் கட்டிய பிறகு தனிச் செய்தியில் வேறு முகவரியைக் கொடுத்து அங்கே அனுப்பச் சொன்னால், ஒத்துக்கொள்ளக் கூடாது. தளத்தின் ஆர்டரில் உள்ள முகவரிக்கு அல்லாமல் வேறிடத்துக்கு அனுப்பிய பொருளுக்கு இபேயிலும் பணம் செலுத்தும் சேவையான பேபாலிலும் விற்பனையாளர் பாதுகாப்பு கிடையாது. அந்த விற்பனையை ரத்துசெய்துவிட்டு, முகவரியைத் தளத்தில் திருத்திக்கொண்டு மீண்டும் வாங்கச் சொல்ல வேண்டும்.